தளர்நடைப் பருவமும் தூரப் பிரயாணமும்

பிரயாணத்தில் கைக்குழந்தைப் பருவம் கடந்து நடை பழகும் குழந்தையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் புகார்கள் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஓரிடத்தில் உட்காராது; உறங்க வேண்டிய வேளையில் உறங்காது; ஆகாய விமானம் இறங்கும்போது வீறிட்டு அழும்; போய்ச் சேர்ந்த புதிய இடத்தில் தாயின் இடுப்பைவிட்டு இறங்க மறுக்கும். இவற்றையெல்லாம் ஒன்றாய்த் திரட்டி 'அடம்' என்ற ஒரே பெயரைச் சூட்டிவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆயினும் சரீர சாஸ்திரமும் மனோதத்துவமும் கண்டறிந்திருக்கும் செய்திகளைக் கொண்டு சற்றே நிதானமாக நோக்கினால், இப்புகார்களில் ஒவ்வொன்றுக்கும் பின்னே ஓர் அவயவத்தின் அமைப்போ, ஒரு வளர்ச்சிப் பருவத்தின் நியதியோ காரணமாக நிற்பது புலப்படும். நமது ரயில்களும் மோட்டார்களும் விமானங்களும் வளர்ந்த மனிதனின் உடலை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை. குழந்தையின் உடலோ வேறு அளவுகளும் வேறு தேவைகளும் உடையது. அந்த உடலை அறிந்துகொள்வதே அதனுடன் சுகமாகப் பிரயாணம் செய்வதற்கு முதல் வழியாகும்.

உதாரணத்துக்காக, சென்னையில் வசிக்கும் ஒரு குடும்பம், ஒன்றரை வயதும் பத்துக் கிலோ எடையும் உள்ள தன் குழந்தையுடன் உதகமண்டலத்துக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். இரவில் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து மலை ரயிலில் உதகைக்குச் செல்கிறார்கள். திரும்பும்போது காரில் மலையிறங்கிக் கோயம்புத்தூர் வந்து, விமானத்தில் சென்னை சேர்கிறார்கள். இந்த ஒரு யாத்திரையைப் பின்தொடர்ந்து சென்றாலே, நமக்கு வேண்டிய விஞ்ஞானம் அனைத்தும் வழியிலேயே கிடைத்துவிடும்.

உட்காராத கால்கள்

ரயில் பேசின் பிரிட்ஜைத் தாண்டுமுன்பே குழந்தை இருக்கையைவிட்டு வழுவி இறங்கி, பெட்டியின் நடைவழியில் நடக்கத் தொடங்கியிருக்கும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் அசைவுகளை ஆராயும் கேரன் அடால்ஃப் என்ற பேராசிரியையும் அவருடைய சகாக்களும், பன்னிரண்டு முதல் பத்தொன்பது மாதம் வரையுள்ள குழந்தைகளைத் தம் விருப்பம்போல் விளையாட விட்டு, அவர்கள் எடுத்து வைக்கும் அடிகளை எண்ணிப் பார்த்து, 2012-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடிகள். கடந்த தூரம் ஏறத்தாழ 700 மீட்டர். விழுந்து எழுந்தது 17 தடவை. நடையென்னும் வித்தையை இத்தனை ஆயிரம் அப்பியாசங்களாலும் இத்தனை வீழ்ச்சிகளாலும்தான் மனித உடல் கற்றுக்கொள்கிறது. அத்தகைய பருவத்தில் உள்ள ஒரு ஜீவனைப் பல மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்வது, அதன் அப்போதைய பிரதான தொழிலையே நிறுத்திவிடச் சொல்வதாகும். ஆதலால், வண்டி புறப்படுவதற்கு முன் பிளாட்பாரத்தில் கையைப் பிடித்து நடக்க விடுவதும், பகலில் காரில் செல்வோர் வழியில் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி இறக்கி விடுவதும் குழந்தைக்குச் செய்யும் சலுகையாகா. அதன் உடல் உரிமையோடு கேட்பதைக் கொடுப்பதே ஆகும்.

தூளியின் இரகசியம்

நடந்து களைத்த குழந்தை உறங்க வேண்டும். ஒரு வயதுக்கு மேல் இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்குப் பதினொன்று முதல் பதினான்கு மணி நேரம் உறக்கம் வேண்டுமென்று நித்திரை நிபுணர்கள் கூறுகிறார்கள். இடமும் ஒலியும் வெளிச்சமும் மாறிவிட்ட நிலையில் அந்த உறக்கம் எளிதில் வருவதில்லை. இந்தச் சங்கடத்துக்கு நம்மவர்கள் நெடுங்காலமாகவே ஒரு பரிகாரம் கண்டிருக்கிறார்கள்: பழைய நூல் புடவை ஒன்றை மேல் படுக்கையின் சங்கிலியில் கட்டி, ரயில் பெட்டிக்குள்ளேயே தூளி அமைத்துவிடுகிறார்கள். முடிச்சு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்து, பெரியவர் ஒருவர் கண் விழித்து அருகிலிருக்க வேண்டுமென்ற எச்சரிக்கையோடு, அந்தத் தூளி ஏன் பலிக்கிறது என்பதையும் நாம் கவனிப்போம்.

ஜெனீவா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் மெல்ல ஊசலாடும் கட்டிலில் வளர்ந்த மனிதர்களையே படுக்க வைத்துப் பரிசோதித்து, அவர்கள் விரைவில் உறங்குவதையும், ஆழ்ந்த உறக்கம் அவர்களுக்கு மிகுவதையும் கண்டு 2019-ல் வெளியிட்டனர். அதே சமயத்தில் எலிகளை ஆராய்ந்த மற்றொரு குழுவினர், உட்செவியில் இருக்கும் நுண்ணிய சுண்ணக் கற்களின் உணர்வுப் பொறி பிறவியிலேயே செயலற்றுப்போன எலிகளிடம் இந்த ஊசலாட்டம் எந்தப் பலனையும் உண்டாக்கவில்லை என்று காட்டினர். ஆகவே, தாலாட்டின் இனிமை காதின் வழியே செல்கிறதென்றால், தூளியின் ஆட்டமும் அதே காதின் உட்பகுதி வழியேதான் மூளையைச் சென்று சேர்கிறது.

ஜப்பானில் ரைக்கன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த குமி குரோடாவும் அவருடைய குழுவினரும் இன்னும் நுட்பமான செய்தி ஒன்றைக் கண்டனர். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களைத் தாயார் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, ஏந்திக்கொண்டு நடக்கும்போது அழுகை அடங்குவதும், இருதயத் துடிப்பின் வேகம் உடனே குறைவதும் 2013-ல் அவர்கள் பதிவு செய்தவை. 2022-ல் வெளிவந்த அவர்களுடைய அடுத்த ஆராய்ச்சி, அழும் சிசுவை ஐந்து நிமிஷம் ஏந்தி நடந்து, உறங்கிய பின்னும் உடனே கிடத்தாமல் ஐந்து முதல் எட்டு நிமிஷம் வரை மடியிலேயே வைத்திருந்து அதன் பிறகு கிடத்தினால், விழித்துக்கொள்ளும் வாய்ப்புக் குறைகிறதென்று தெரிவித்தது. இவை சிசுக்களைப் பற்றிய பரிசோதனைகளே எனினும், ரயிலின் நடைவழியில் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உலாவும் தகப்பனார் எவருக்கும் இந்த முறையைச் சோதித்துப் பார்ப்பதில் நஷ்டமொன்றுமில்லை.

மலையும் விமானமும் காதும்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 325 மீட்டர் உயரத்திலும், உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. உதகையில் காற்றின் அழுத்தம் சென்னையில் உள்ளதில் முக்கால் பங்கைச் சற்றே விஞ்சியதாக இருக்கும். 1908-ல் உதகை வரை நீட்டப்பட்ட மலை ரயில், பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் செங்குத்தான சரிவையும் பல்சக்கரத்தின் துணையால் ஏறி, 46 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அவசரக்காரர்கள் இந்த மந்த கதியைக் குறை கூறுவார்கள். ஆனால் குழந்தையின் காது இதைவிட நல்ல வாகனத்தை விரும்பாது.

காரணம் இது. செவிப்பறைக்குப் பின்னே நடுச்செவி என்னும் சிறு அறையில் காற்று அடைபட்டிருக்கிறது. அந்த அறையைத் தொண்டையின் மேற்பகுதியோடு இணைப்பது, பதினாறாம் நூற்றாண்டில் அதனை விவரித்த இத்தாலிய வைத்தியர் யூஸ்டாக்கியோவின் பெயரால் யூஸ்டேக்கியன் குழல் என வழங்குவது. சாதாரணமாக மூடியிருக்கும் இக்குழல், நாம் எதையேனும் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்தின் தசை சுருங்கி இழுப்பதால் ஒரு கணம் திறந்து, உள்ளும் புறமும் உள்ள அழுத்தத்தைச் சமமாக்குகிறது. பெரியவர்களிடத்தில் இது ஏறத்தாழ நாற்பத்தைந்து பாகை சாய்ந்து இறங்குகிறது. சிசுப் பருவத்திலோ பத்துப் பாகை அளவே சாய்ந்து, கிட்டத்தட்ட படுக்கையாகவும், நீளத்தில் பாதியளவாகவும் இருப்பதால், அதனைத் திறக்கும் தசைக்கு இழுக்கும் வலு போதுவதில்லை. வயது ஏற ஏறத்தான் இது சீர்படுகிறது.

உயரே ஏறும்போது வெளிக் காற்றின் அழுத்தம் குறைய, உள்ளே இருக்கும் காற்று விரிந்து குழலைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. வெளியே அழுத்தம் மிகுந்து, மென்மையான குழலின் சுவர்கள், உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும் நனைந்த காகிதக் குழலைப்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, செவிப்பறை உட்புறமாக அழுத்தப்பட்டு வலிக்கிறது. விமானத்தின் உட்புறத்தில் உள்ள காற்றழுத்தம், வழக்கமான பறத்தலில் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குக் குறையாமல் பராமரிக்கப்பட வேண்டுமென்பது விதி. 8,000 அடி என்பது சுமார் 2,440 மீட்டர். அதாவது விமானப் பிரயாணி, தான் எந்த நாட்டின் மேல் பறந்தாலும், காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை அநேகமாக உதகையிலோ தொட்டபெட்டாவின் சரிவிலோ உட்கார்ந்திருக்கிறார் என்றே சொல்லலாம். மலை ரயில் பல மணி நேரமாகக் கொண்டு இறக்குகிற அந்த வித்தியாசத்தை விமானம் அரைமணிக்கும் குறைவான நேரத்தில் இறக்கிவிடுகிறது. ஆகையால்தான் விமானம் தரையை நெருங்குவதற்கு முன்பு குழந்தைகள் வரிசை வரிசையாக அழத் தொடங்குகின்றன.

பரிகாரம் இந்த அமைப்பிலிருந்தே கிடைக்கிறது. இறங்கத் தொடங்கும் அறிவிப்பு வந்தவுடன் குழந்தைக்குத் தாய்ப்பாலோ, புட்டிப் பாலோ, சிறு சிறு வாய்த் தண்ணீரோ கொடுத்துக்கொண்டேயிருந்தால், ஒவ்வொரு விழுங்கலும் குழலை ஒரு முறை திறந்து விடும். உறக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடுவதால் அச்சமயம் குழந்தை விழித்திருப்பது நல்லது. கடுஞ்சளியோ காதுவலியோ உள்ள குழந்தையின் குழல் வீங்கி அடைத்திருக்கும். அந்நிலையில் பறப்பதற்கு முன் வைத்தியரைக் கேட்டறிவதே விவேகம்.

கொண்டை ஊசி வளைவுகளில்

காரில் மலையிறங்கும்போது குடும்பத்தில் முதலில் குமட்டல் வந்து வண்டியை நிறுத்தச் சொல்பவர் யார் என்று கவனித்தால், அது பெரும்பாலும் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையாகவே இருக்கும். ஒன்றரை வயதுக் குழந்தை அதிசயமாகத் தப்பித்துக்கொள்ளும். தூளியில் இன்பம் தந்த அந்த உட்செவியே இங்கே துன்பத்துக்கும் காரணமாகிறது. அதன் மூன்று அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம் ஒவ்வொரு வளைவிலும் அசைந்து, 'திரும்புகிறோம்' என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. காருக்குள் இருக்கும் இருக்கையையோ புத்தகத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள், 'அசைவே இல்லை' என்று சாட்சி சொல்கின்றன. முரண்பட்ட இந்த இரண்டு சாட்சியங்களுக்கிடையே மூளை தத்தளிப்பதே குமட்டலாக வெளிப்படுகிறது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுள்ள கொள்கை. காது கேளாதோரை ஆராய்ந்த அமெரிக்கத் தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸ், அவர்களில் பலர் சுழற்றப்பட்டாலும் தலைசுற்றல் அறியாதவராக இருப்பதை 1880-களின் தொடக்கத்திலேயே எழுதி, உட்செவியின் பங்கைச் சுட்டிக் காட்டினார்.

இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம் இந்த உபாதை அரிது. தன் நிலையையும் அசைவையும் அறிவதற்குக் கண்ணின் சாட்சியத்தை அவர்கள் இன்னும் முழுவதும் நம்பத் தொடங்கவில்லை என்பது இதற்கு நிபுணர்கள் கூறும் ஒரு விளக்கம். ஆகவே, மலைப்பாதையில் செல்லப்போகிறோம் என்பதற்காக முன்கூட்டியே குழந்தைக்கு மருந்து கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். வாந்தியை அடக்கப் பெரியவர்கள் உட்கொள்ளும் மருந்துகளுள் ஒன்றான பிரொமெத்தசீன், மூச்சைத் தளரச் செய்து உயிருக்கே ஆபத்தை விளைவிக்கக்கூடுமாதலால், இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாதென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். குழந்தை தூங்கினால் நமக்கு நிம்மதி என்று எண்ணி எந்த மருந்தையும் கொடுப்பது பெரும் பிழையாகும்.

கார் என்றவுடன் மற்றொரு விஷயத்தையும் கூற வேண்டியிருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதிலேனும் மோதிப் பத்தில் ஒரு விநாடியில் நின்றுவிடுவதாகக் கணக்கிட்டால், மடியில் இருக்கும் பத்துக் கிலோ குழந்தை, அந்தக் கணத்தில் ஏறத்தாழ 140 கிலோ எடையின் பலத்தோடு முன்னே பாயும். உலகத்தில் எந்தத் தாயின் கரமும் அதனைப் பிடித்து நிறுத்த வல்லதன்று. மேலும், பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவர்களுக்கோ அது எட்டில் ஒரு பங்கு அளவே. இந்த மாறுதல் நிறைவேறப் பல ஆண்டுகள் செல்லும். தலை கனத்து, கழுத்து இளைத்திருக்கும் பருவத்தில், முன்னோக்கி வீசப்படும் அதிர்ச்சியைக் கழுத்து தாங்காது. ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகு முழுவதும் தாங்குமாறு அமர்ந்திருந்த விதத்தைக் கண்டு, குழந்தையை வண்டியின் பின்புறம் நோக்கி உட்காரவைக்கும் ஆசனத்தை ஸ்வீடன் நாட்டு டாக்டர் பெர்டில் ஆல்ட்மன் 1960-களில் உருவாக்கியது இந்தக் காரணம் பற்றியே. நம் தேசத்திலும் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைப் பட்டையாலோ தகுந்த ஆசனத்தாலோ பிணைக்காமல் வண்டியோட்டுவோருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கிறது. அபராதத்துக்கு அஞ்சியேனும் இந்த நல்வழக்கம் வேரூன்றட்டும்.

தண்ணீரும் உஷ்ணமும்

பத்துக் கிலோ குழந்தையின் தோல் பரப்பை அதன் எடையோடு ஒப்பிட்டால், அந்த விகிதம் அறுபது கிலோ மனிதருக்கு இருப்பதைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு ஆகிறது. வெளியிலிருந்து உஷ்ணத்தை ஏற்பதும், உள்ளிருக்கும் நீரை இழப்பதும் அதே அளவில் விரைவாகின்றன. ஹாலிடே, சீகர் என்னும் இரு அமெரிக்க வைத்தியர்கள் 1957-ல் வகுத்த கணக்கின்படி, முதல் பத்துக் கிலோ எடைக்குக் கிலோ ஒன்றுக்கு நாளொன்றில் 100 மில்லிலிட்டர் நீர் வேண்டும். ஆகவே நம் குழந்தைக்குப் பாலும் கஞ்சியும் சேர்த்து ஒரு லிட்டர் திரவம் தேவை. எடைக்கு எடை நோக்கினால் இது பெரியவர்களின் தேவையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேற்பட்டது. ரயிலில் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்குமே என்று நாம் நம் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம், குழந்தையினுடையதைக் குறைக்கலாகாது.

நிறுத்திவைத்த காரில் குழந்தையை ஒரு கணமும் தனியே விட்டுச் செல்லலாகாது என்பதும் இந்த விகிதத்திலிருந்தே பிறக்கும் விதி. வெயிலில் மூடி நிறுத்தப்பட்ட காரின் உள் உஷ்ணம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்வதையும், அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணிக்குள்ளேயே ஏறிவிடுவதையும், கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பயனில்லை என்பதையும் அமெரிக்காவில் செய்த அளவீடுகள் 2005-ல் காட்டின.

வழியில் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உபயோகிக்க வேண்டியது, மருந்துக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அதன் மகிமை நிரூபிக்கப்பட்டதும் ஒரு பெரும் பிரயாணத்தில்தான். 1971-ல் வங்காளதேச யுத்தத்தின்போது எல்லையைக் கடந்து குழந்தை குட்டிகளோடு வந்து குவிந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. மேற்கு வங்கத்து பன்காவ் முகாமில் நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் சோடா உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை உறவினர்களின் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதை நெருங்கியிருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. குடலின் சுவரில் சர்க்கரையும் உப்பும் ஒன்றாகவே உட்செல்ல, அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்கிறதென்பதே இதன் தத்துவம். பொட்டலத்தின் அளவு மாறினால் இந்த விகிதம் கெட்டுவிடும். ஆதலால் ஒரு லிட்டருக்கு உரிய பொட்டலத்தை முழுமையாக ஒரு லிட்டர் சுத்த ஜலத்திலேயே கரைக்க வேண்டும். ஒவ்வொரு முறை வயிறு போன பிறகும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். ஒரு நாள் கடந்த கரைசலைக் கொட்டிவிட வேண்டும்.

புதிய இடமும் தாயின் முகமும்

உதகையின் விடுதி அறைக்குள் நுழைந்ததும் குழந்தை தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது. உகாண்டா நாட்டுக் கிராமங்களில் 1950-களில் தாய்மாரையும் சேய்களையும் வீடு வீடாகச் சென்று கவனித்த மேரி ஐன்ஸ்வொர்த், குழந்தை தாயை ஒரு தளமாக வைத்துக்கொண்டே உலகத்தை ஆராயப் புறப்படுகிறது என்றும், அச்சம் தோன்றியவுடன் அத்தளத்துக்கே திரும்புகிறது என்றும் கண்டார். புதிய அறையில் முதலில் தாயோ தகப்பனாரோ தரையில் அமர்ந்து, குழந்தையை மடியில் வைத்துச் சற்று நேரம் சும்மா இருந்தால், அது தானாகவே இறங்கிச் சென்று கட்டிலுக்கடியில் என்ன இருக்கிறதென்று பார்க்கத் தொடங்கும். வீட்டில் கட்டிப்பிடித்து உறங்கும் பழைய துணியோ பொம்மையோ உடன் வந்திருந்தால் இது இன்னும் விரைவில் நிகழும்.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேடை ஒன்றின்மேல் விட்டு, கண்ணாடிக்கடியில் பள்ளம் இருப்பதுபோல் தோன்றச் செய்து, எதிர்ப்புறம் தாயை நிற்கவைத்துச் செய்த பரிசோதனையின் முடிவு 1985-ல் வெளியாயிற்று. தாய் மலர்ந்த முகம் காட்டியபோது பத்தொன்பது குழந்தைகளில் பதினான்கு கடந்து சென்றன; அஞ்சிய முகம் காட்டியபோது பதினேழில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. அபாயம் எது, அபாயமற்றது எது என்பதைக் குழந்தை பெற்றோரின் முகத்திலேயே படித்துக்கொள்கிறது. சென்ட்ரல் நிலையத்துக் கூட்டத்தில் பதறி, ஒருவரையொருவர் கடிந்துகொண்டு ஓடும் பெற்றோர், 'இந்த இடம் ஆபத்தானது' என்று தாங்களே அதற்குக் கற்பிக்கிறார்கள். அதன் பிறகு அது அழுதால் குற்றம் அதனுடையதன்று.

நினைவில் நிற்குமா?

'இத்தனை பாடுபட்டு அழைத்துப் போனாலும் குழந்தைக்கு ஒன்றும் நினைவிருக்கப் போவதில்லையே' என்று கேட்பவர்கள் உண்டு. நாம் பெரியவர்களான பின் மீட்டுக்கொள்ளும் மிகப் பழைய நினைவு, சராசரியாக மூன்று அல்லது மூன்றரை வயதுக்குரியதாகவே இருப்பது உண்மைதான். ஆனால் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து கரோலின் ரோவி-கோலியர், ஒரு நெம்புகோலை அழுத்தினால் ஓடும் பொம்மை ரயிலைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பரிசோதித்ததில், ஆறு மாதக் குழந்தை அந்த வித்தையை இரண்டு வாரமும், பதினெட்டு மாதக் குழந்தை பதின்மூன்று வாரமும் நினைவில் வைத்திருந்தது தெரிந்தது. கோடை விடுமுறையில் கண்ட மலை ரயில், ஆயுள் முழுவதும் நிலைக்காவிட்டாலும், அந்தக் குழந்தையின் மனத்தில் சில வாரங்களேனும் வாழ்ந்து, அதன் சொற்களிலும் விளையாட்டிலும் கலந்து, வளர்ச்சிக்கு உணவாகிவிடும்.

ஆதலால் குழந்தையோடு புறப்படும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது இதுவே. பிரயாணத் திட்டத்தைக் குழந்தையின் உடலை அளவுகோலாகக் கொண்டு வகுத்துக்கொள்ளுங்கள்: நடப்பதற்கு நேரம், விழுங்குவதற்குப் பால், குடிப்பதற்குத் தண்ணீர், மோட்டாரில் அதற்கென்று ஓர் ஆசனம், பார்ப்பதற்கு உங்கள் அமைதியான முகம். ஒரு நாளில் மூன்று இடங்கள் பார்க்க எண்ணியிருந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அது அழத்தான் செய்யும். அப்போது 'அடம்' என்று முடிவு கட்டுவதற்கு முன், அதன் காதையும் வயிற்றையும் கால்களையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.